பலாமரத்துக் கம்பியும் சந்தனம் பூசிய கல்லும்

வானொலிப் பெட்டி என்றதும் எல்லோரும் அலுமாரி மாதிரி ஒரு மரப்பெட்டியை நினைத்துக்கொள்கிறார்கள். நான் செய்தது அப்படிப்பட்டதல்ல. தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்று. அதன்மேல் மூங்கில் குழாய் ஒன்றில் நெருக்கமாகச் சுற்றிய செப்புக் கம்பி. பட்டாணி அளவில் ஒரு காரீயக் கல். அந்தக் கல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் மயிரிழை போன்ற ஒரு பித்தளைக் கம்பி. காதில் மாட்டிக் கேட்க ஒரு கருவி. அவ்வளவுதான். கொழும்பில் பாடுகிறவர்களின் குரல் காற்றில் வந்து, வீட்டுக்கு வெளியே உயரத்தில் கட்டிய நீண்ட கம்பியில் சிக்கி, கல்லின் வழியாக என் காதுக்கு வரும். இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று சொல்லமுடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "அப்ப பட்டரி எங்க இருக்கு?" என்பார்கள். பட்டரி இல்லை என்றால் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அப்போது நான் கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருந்தேன். அந்தப் பெருமையை நான் ஒளித்துவைத்ததில்லை. வானொலி வைத்திருப்பதற்கான அனுமதிச்சீட்டு வாங்கத் தபால் கந்தோருக்குப் போனபோது அங்கிருந்தவர், "யாருடைய பேரில்? அப்பாவா, அண்ணனா?" என்று கேட்டார். என் பேரில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பெட்டி யாருடையது?" என்றார். நான் செய்தது என்றேன். அவர் உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அரைமணி நேரத்துக்குப் பிறகு சீட்டைத் தந்தார்கள். அதில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். திருத்தி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அருகில், அப்பாவின் தையல் கடைக்குப் பின்னால் இருந்தது. கொழும்பு தொலைவு, நடுவில் மலைகள். கம்பி நீளமாகவும் உயரமாகவும் இருந்தால்தான் ஏதாவது கேட்கும். எங்கள் முற்றத்தில் ஒரு முருங்கை மரம்தான் இருந்தது, அதுவும் என் உயரம். பக்கத்து வளவில் வானளாவ ஒரு பலாமரம் நின்றது. அது மடவளையில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியாருடையது. அப்பாவிடம் சட்டை தைக்கக் கொடுப்பவர், நல்ல மனிதர். அப்பா கேட்டதும் சம்மதித்தார். எங்கள் கூரைக்கும் பலாமரத்துக்கும் இடையில் கம்பியைக் கட்டினேன். மரத்திலும் கூரையிலும் கம்பி நேரே படாமலிருக்க உடைந்த சோடாப் போத்தல்களின் கழுத்துகளைக் கோத்தேன். மூன்றாம் நாள் மாலை, கிணற்றுக்குள் யாரோ பாடுவதுபோல் ஒரு குரல் கேட்டது. நான் அழுதேன் என்று அம்மா சொல்கிறார்; இல்லை, கண்ணில் கம்பித்தூள் விழுந்தது.

அதன் பிறகு வந்ததெல்லாம் தொல்லைதான். கூரையிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கம்பியில் அம்மா ஈரத்துணி காயப்போட்டார். பெட்டியின் இன்னொரு கம்பியைச் சேர்ப்பதற்காகப் பூமிக்குள் இறக்கியிருந்த குழாயில் பக்கத்து வீட்டு ஆட்டைக் கட்டினார்கள். எனக்கு இயந்திரம் தெரியும் என்ற செய்தி பரவி, நின்றுபோன கடிகாரம், அமுங்காத மிதிவண்டி மணி, அடைத்துப்போன மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் வீட்டுக்கு வந்தன. அடுப்பைக்கூடவா என்று கேட்டால், "டீச்சர் படிச்சவதானே" என்பார்கள்.

ஐப்பசி பிறந்தது. கண்டிப் பக்கத்தில் ஐப்பசி என்றால் மத்தியானத்துக்குப் பிறகு தினமும் இடி. ஹாஜியார் ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒங்கட கம்பி இடிய இழுக்குமாம். ஊட்டுல ராவும் பகலும் இதே பேச்சு. பலாமரத்துல இடி விழுந்தா ஊடும் போகுமாம்."

இடி இடித்தால் கம்பியை நேரே பூமியோடு சேர்த்துவிட ஓர் ஆளி, அதாவது சுவிட்ச், வைத்திருக்கிறேன், பள்ளிக்கூடம் போகும்போதும் அப்படியே தள்ளிவிட்டுத்தான் போகிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் செரி. நீங்க இதுல என்னத்தியன் கேக்கிற? நான் ஒரு நாளும் ஒரு சத்தமும் கேக்கல்லியே. ஒண்டும் இல்லாத ஒண்டுக்கு ஊட்டுல சண்ட புடிக்க என்னால ஏலா."

"வந்து கேளுங்க ஹாஜியார்."

"வாறன். நாளண்டைக்கி மஃரிபு தொழுகைக்குப் பொறகு வாறன். கேட்டா கம்பி ஈக்கட்டும். கேக்காட்டி அடுத்த நாளே கழட்டிப் போடுங்க. பேச்சு அவ்வளவுதான்."

சரி என்றேன். கூரைக்கும் முருங்கைக்கும் நடுவில் கம்பி கட்டினால் காக்கை உட்காரலாம், கொழும்பு கேட்காது. அந்த மரம் போனால் என் பெட்டியும் போனது. ஆனாலும் எனக்குப் பயமில்லை. கல்லில் எந்த இடத்தில் கம்பி முனை பட்டால் குரல் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாக அதை அசைக்காமல் வைத்திருந்தேன்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை கிடையாது. நான் போய்விட்டேன். வீட்டில் வழக்கம்போல் அப்பாவின் தையல் இயந்திரம், கத்தரிக்கோல்கள், கரி இஸ்திரிப்பெட்டி, அளவுநாடா எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். ஒரு நாள் முழுவதும் யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும்.

மாலையில் வந்து பார்த்தேன். தையல் இயந்திரத்துக்கும் என் பாடப்புத்தகங்களுக்கும் நடுவில் என் வானொலி இருந்தது. மூங்கில் குழாயில் மூன்று பட்டைச் சந்தனம். பலகையின் நான்கு மூலையிலும் குங்குமம். கல்லின் நெற்றியில், ஆம், அந்தக் கல்லின் சரியாக நடுவில், ஒரு பெரிய பொட்டு.

அந்தக் கல்லை விரல் நுனியால்கூடத் தொடக்கூடாது. தொட்டால் எண்ணெய்ப்பசை பட்டுச் செத்துவிடும்.

"அம்மா, இதை யார் இங்கே வச்சது?"

"நான்தான். ஏன், நீதானே சொன்ன, இது வெளாட்டுச் சாமான் இல்ல, அப்பாவோட மெசின் மாதிரி இதுவும் ஒரு கருவின்னு. மெசினுக்கு வச்சுட்டு இதுக்கு வைக்கலன்னா நாளைக்கு நீயே கேப்ப."

நான் சொன்னதுதான். போன மாதம் ஈரத்துணிச் சண்டையில் அப்படித்தான் கத்தினேன்.

"கழுவினீங்களா?"

"அந்தப் பித்தளைத் தொப்பி கறுத்துப்போய் இருந்துச்சு. புளி போட்டு நல்லா தேச்சேன். பாரு, எப்படி மின்னுது."

கல்லை வைத்திருந்தது அப்பா தைக்கும்போது விரலில் மாட்டும் பழைய பித்தளைத் தொப்பியில்தான். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி அதற்குள் அடைத்து, நடுவில் கல்லைப் பதித்திருந்தேன். தொப்பியைக் கல்லோடு சேர்த்தே புளியில் போட்டுத் தேய்த்திருக்கிறார். நான் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னைக்குத் தொடாத. படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் பொரிகடலையை மென்றுகொண்டு, "விடும்மா, ஒரு ராத்திரிதானே, கல்லு எங்க போகப்போகுது" என்றார். அவருக்கு அன்று வேலை கிடையாது. ஆண்டில் அவர் மனநிறைவோடு சும்மா இருக்கும் ஒரே நாள். அவரோடு என்ன சண்டை போடுவது.

விடிந்தது. குளித்துவிட்டு வந்து நின்றேன். கல்லைக் கழுவிப் பயனில்லை, அதன் முகமே கெட்டுவிட்டது. ஒரே வழிதான் இருந்தது. காரீயக் கல்லைச் சரியான இடத்தில் தட்டினால் நேராகப் பிளக்கும், உள்ளே புது முகம் இருக்கும் என்று படித்திருந்தேன். படித்ததுதான், செய்ததில்லை. தவறாகத் தட்டினால் தூளாகிவிடும். வேறு கல் வேண்டுமானால் கொழும்புக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தட்டுவதற்கு அப்பாவின் பெரிய கத்தரிக்கோலின் பிடி வேண்டும், அடியில் வைக்க இஸ்திரிப்பெட்டி வேண்டும்.

"கத்தரிக்கோல மொதல்ல நல்ல காரியத்துக்குத்தான் எடுக்கணும்" என்றார் அம்மா. "அப்பா ஒரு புதுத்துணி வெட்டட்டும். கல்லு ஒடைக்கிறதெல்லாம் பொறகு."

அப்பா புதுத்துணி தேடினார். இருந்ததெல்லாம் பாதி வெட்டிய துணி. கடைசியில் தன் வேட்டிக்கென்று எடுத்து வைத்திருந்த மல் துணியைக் கொண்டுவந்து, விளக்கைக் கும்பிட்டு, ஒரு முழத்தை மிக மெதுவாக வெட்டினார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வெட்டி முடித்ததும் கத்தரிக்கோலை வாங்கினேன். சவர அலகைக் கல்லின் விளிம்பில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டு. கல் மூன்றாக உடைந்தது. இரண்டு துண்டுகள் தூள். மூன்றாவது அரிசி அளவில் இருந்தது. அதன் ஒரு முகம் உடைந்த கண்ணாடிபோல் பளபளத்தது. இடுக்கியால் எடுத்து, புது ஈயத்தாளில் பதித்து, மேலே ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தேன்.

"இதை யாராவது தொட்டால் நான் வீட்டை விட்டுப் போய்விடுவேன்."

"எங்க போவ?" என்றார் அம்மா.

அன்று முழுவதும் பள்ளிக்கூடத்தில் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது. கொழும்பு தொடங்குவது மாலையில்தான். அதற்கு முன் அந்தத் துண்டு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்க வழி கிடையாது. மூன்று மணிக்கு இடி தொடங்கி ஐந்து மணிக்கு ஓய்ந்தது. அம்மா கழுவியதில் இன்னும் ஈரமாயிருந்த மூங்கில் குழாயைக் கரி இஸ்திரிப்பெட்டிக்கு அருகில் வைத்துக் காயவைத்தேன்.

சொன்ன நேரத்துக்கு ஹாஜியார் வந்தார். கதிரையில் உட்கார்ந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கும் பொட்டு வெச்சீக்கி" என்றார்.

கருவியைக் காதில் மாட்டி, பித்தளைக் கம்பியின் முனையைக் கல்லில் வைத்தேன். ஒன்றுமில்லை. சிறிது நகர்த்தினேன். ஒன்றுமில்லை. அப்பா தொண்டையைச் செருமினார்.

"டெய்லர், நாளைக்கி ஆள் அனுப்பவா, மரத்துல ஏற?" என்றார் ஹாஜியார். கேலியாகத்தான் சொன்னார். இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினேன்.

பியானோ. போன வாரத்தைவிடத் தெளிவாக.

கருவியைக் கழற்றி அவர்முன் மேசைமேல் வைத்தேன். அவருடைய துருக்கித் தொப்பியின் மேல் அது உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றவும் அவர் சம்மதிக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கையால் காதோடு பிடித்துக்கொண்டார். வெகுநேரம் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆர்மோனியம் மாதிரி என்னமோ" என்றார். "இதுக்கா இவ்வளவு பாடு?"

பிறகு நிமிர்ந்தார். "வெள்ளக்காரன் கதைக்கிறான். நேரம் செல்றான்." வானொலி சொன்ன நேரத்தோடு ஒத்துப்பார்க்க இடுப்பிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், காதருகே வைத்துத் தட்டினார், மறுபடி பார்த்தார். பள்ளிவாசலில் எல்லோரும் அவருடைய கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரம் வைப்பார்கள் என்று அப்பா முன்பே சொல்லியிருக்கிறார். அது ஏழு நிமிஷம் பிந்தியிருந்தது. அவர் முள்ளைத் திருப்பி வைத்தபோது நாங்கள் மூவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

"கம்பி ஈக்கட்டும்" என்றார் எழுந்து. "ஊட்டுல நான் பேசிக்கொள்றேன்."

"பூஜைல வச்சதாலதான் நல்லா கேக்குது" என்றார் அம்மா, அவர் படியிறங்குவதற்குள்.

மறுநாள் மாலை ஹாஜியார் மீண்டும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். நேரம் சொல்வது எப்போது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியாது, அதனால் முக்கால் மணி நேரம் முன்னதாக வந்து, கருவியைக் காதோடு பிடித்துக்கொண்டு, கடிகாரத்தை முழங்காலில் வைத்துக் காத்திருப்பார். காதுக்கருவி ஒன்றுதான். பலாமரம் அவருடையது. நான் குசினியில் தேங்காய் துருவுவேன்.

ஒரு வியாழக்கிழமை, தமிழ்ப் பாட்டு வரும் நாள் அது, அவர் குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

"டீச்சர், யாரோ ஒரு பொம்புள அர மணித்தியாலமா பாடிக்கொண்டு ஈந்தா. அதுக்குப் பொறகுதான் நேரம் சென்னான். அத கொஞ்சம் முந்திச் செல்லச் சொல்லி நீங்க கொழும்புக்கு ஒரு காயிதம் எழுத ஏலாதா?"