இடப்பக்கம் இழுக்கும் வண்டி

சத்தம் போடுகிற பழுதை எந்த மெக்கானிக்கும் கண்டுபிடித்துவிடுவான். சத்தமே இல்லாமல் வருகிற பழுதுதான் எங்களை அலையவைக்கும். கார் வைத்து அவதிப்படுகிற உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

நெய்வேலியில் என் ஷெட்டுக்கு அதிகம் வந்தது ஒரு சின்னக் குடும்பக் கார்தான். பெட்டியாக வந்தது, உருண்டையானது, இப்போது திரையோடு வருகிறது. மூன்று தலைமுறையிலும் கம்பெனி மாற்றாதது அதன் பெயரை மட்டும்தான்.

பெட்டி

கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். திருப்பங்களில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். நிலக்கரி மைன்ஸில் டம்பர் லாரி ஓட்டிய கலியமூர்த்தி அண்ணன் அதை வாங்கிய புதிதில், "லெஃப்ட்ல இழுக்குதுப்பா" என்று கொண்டுவந்தார். அலைன்மெண்ட் பார்த்தேன், டயர்களை மாற்றிப் போட்டேன். டவுன்ஷிப் பிளாக்கைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் நேராகத்தான் போனது.

நம் ரோடுகள் ஓரமாகச் சரிந்திருக்கும், எல்லா வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் சாயத்தான் செய்யும் என்று அவருக்கு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லா எடத்துலயும் இழுத்தா நான் ஏன் வரேன் சேகரு? சேத்தியாத்தோப்பு ரோட்டுல, மண்மேட்டாண்ட ஒரே எடத்துலதான் இழுக்குது."

பலாப்பழம்

அந்தப் பெட்டியைப் பிறகு காடாம்புலியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலாப்பழம் ஏற்றினார். வண்டி என்னிடம் வந்தபோது ஷெட்டே மணத்தது. அதே ரோட்டில்தான் போய்வருகிறார் என்று தெரிந்ததும், இழுக்கிறதா என்று மெல்லக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "நீங்க வேறங்க, இத்தினி பழத்த ஏத்திக்கினு போறேன், நூல் புடிச்சாப்புல போவுது."

உருண்டை

அண்ணன் அடுத்து உருண்டையை வாங்கினார். பவர் ஸ்டியரிங், ஒரு விரலால் திருப்பலாம். ஒரே மாதத்தில் அதே புகார். பழுது வண்டியை விட்டுவிட்டு ஆளோடு வருமா? இந்த முறை நானும் ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் அவர் மனைவி பூங்காவனம் அண்ணி.

மண்மேடு நெருங்கியபோது டிக் டிக் என்று கேட்டது. இடப்பக்க இண்டிகேட்டர். ஏன் போட்டீர்கள் என்று கேட்டால், "நான் எங்கடா போட்டேன்?" என்கிறார். இடப்பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண். திரும்புவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பழக்கத்தில் கை போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி பேசினாள்: "அங்கதாம்பா எங்க ஊருக்குப் போற வழி இருந்துச்சு. ஊர மைன்ஸ் எடுத்துக்கிச்சி."

திரை

ரிடையர் ஆனபின் அவர் வாங்கியது மூன்றாவது. போன மாதம் அது அதே மண்மேட்டருகே தார் ரோட்டை விட்டு இறங்கி வேலியில் மோதி நின்றது. உள்ளே அவர் மகளும் அவள் கைக்குழந்தையும் இருந்தார்கள். இரண்டு பேரும் தப்பியது தெய்வச் செயல். "இனிமே இவரு ஓட்டக்கூடாது" என்று அண்ணி ஷெட்டிலேயே அழுதாள். "வண்டிதான்டி இழுக்குது, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சின்றியா?" என்று அண்ணன் கத்தினார். நான் சொல்வதுதான் முடிவு என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

பழுது பார்த்து முடித்து, மதிய வெயிலில் தனியாக மண்மேட்டுக்கு ஓட்டிப் போனேன். மைன்ஸ் எடுத்த அந்த ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. ரோடு அங்கே வலப்பக்கம்தான் சரிந்திருந்தது, முந்தின நாள் மழைத்தண்ணீரும் வலப்பக்கம்தான் தேங்கிக் கிடந்தது. வழி காட்டும் திரையின் மேப்பில் இடப்பக்கம் ரோடே இல்லை, வெறும் சாம்பல் நிறம். பிடியைத் தளர்த்தினேன். வண்டி நிதானமாக, வீடு திரும்புகிற மாதிரி, இடப்பக்கம் போனது. பிரேக்கை மிதித்தபிறகுதான் டிக் டிக் என்பது காதில் விழுந்தது. என் கைதான் போட்டிருக்க வேண்டும். எப்போது என்று தெரியவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பினேன். வண்டியில் குறை இல்லை என்று சொன்னால் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஆகும். குறை இருந்தது, சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் நாளைக்கே குழந்தையை ஏற்றிக்கொண்டு போவார். சாவியைக் கையில் புரட்டிக்கொண்டே நின்றேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் மெல்லத் தளர்ந்தது. "ஒனக்கும் திரும்புச்சா? அது போதும் சேகரு. சாவிய அவகிட்டயே குடுத்துடு."

இப்போதெல்லாம் ரோடு டெஸ்ட்டுக்கு மண்மேட்டுக்கு எதிர்த்திசையில், காடாம்புலியூர் பக்கமாகத்தான் போகிறேன். வண்டிகளின் அலைன்மெண்டை நான் பார்த்துவிடுவேன், என் கையின் அலைன்மெண்டை எந்த ஷெட்டில் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை.