சண்டை போடாத வீடு

எனக்கு வயது அறுபத்தொன்பது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பெண், ஒரு ஆண். எதற்காகவும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

இதை எழுதச் சொன்னது பாளையங்கோட்டையில் இருக்கும் கவுன்சிலிங் அம்மா. புருசன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோனால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பது அவள் வேலை. என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். "வாயால சொல்ல வரலன்னா எழுதுங்கம்மா" என்றாள். என் மாப்பிள்ளை, எங்கள் ஊரில் புருசனை அப்படித்தான் சொல்லுவோம், நாளை சாயந்திர ரயிலில் மெட்ராஸுக்குப் போகிறார். போனால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இந்த வீட்டை என் வாப்பா எனக்காகக் கட்டினார். என் மாப்பிள்ளை இந்த வாசல்படி ஏறி மூன்று மாதம் இருந்தார். பிறகு சவூதிக்குப் போய்விட்டார். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போவார். நாற்பது வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று.

அவர் வந்தால் அந்த இரண்டு மாதமும் இந்த வீட்டில் பெருநாள்தான். திரையெல்லாம் துவைத்துப் போடுவேன். பூப்போட்ட பீங்கான் தட்டு அவருக்கு மட்டும். வட்டிலப்பம் அவித்து வைப்பேன். பிள்ளைகளைச் சத்தம் போடவிடமாட்டேன். நான் ஒரு நாளும் அவர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை, அவரும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. முதல் வாரம் பார்க்க வருகிறவர்களோடு போகும். கடைசி வாரம் பெட்டி கட்டுவதில் போகும். நடுவில் இருக்கிற நாட்களை யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீணாக்குவார்களா? கடிதத்திலும் சண்டை கிடையாது. பக்கத்து வீட்டு மச்சியை உட்காரவைத்துத்தான் கடிதம் எழுதுவேன். இன்னொருத்தியை எதிரில் வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

எனக்கு அதில் பெருமை. எங்கள் முடுக்குச் சந்துக்குள் பெண்கள் யாராவது புருசனோடு பிணங்கிக்கொண்டு வந்து அழுதால், "என்னையப் பாருங்க. இத்தன வருசத்துல ஒரு வார்த்த கூடக் குறைச்சிப் பேசிக்கிட்டதில்ல" என்பேன். ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே, "ஒங்க மாப்பிள்ள ஒங்க கூட இருந்தாத்தான லாத்தா சண்ட வரும்" என்றாள். அவளோடு ரொம்ப நாள் நான் பேசவில்லை.

கொரோனா ஓய்ந்த பிறகு அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். இரண்டு மாதம் வழக்கம்போல் பெருநாளாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதத்தில்தான் என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிற்று.

அவர் முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காலையில் எழுந்ததும் போர்வையை மடித்துக் கட்டில் ஓரத்தில் வைப்பார், லாட்ஜில் வைப்பதுபோல. பிரிட்ஜைத் திறக்கும் முன் என் முகத்தைப் பார்ப்பார்.

"தண்ணி எடுத்துக்கிடட்டுமா?"

"இதென்ன கேள்வி? ஒங்க வீடுதான" என்பேன். மறுநாளும் கேட்பார். எதை ஆக்கி வைத்தாலும், "நல்லாருக்கு. ஒரு குறையும் இல்ல" என்பார். அப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஒரு நாள் காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். அவர் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். சவூதியில் அவரோடு ஒரே ரூமில் இருந்த கூட்டாளியோடு. அந்த ஆள் இப்போது மெட்ராஸ் மண்ணடியில் சின்னக் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர் ஆண்கள் அங்கே கடைக்கு மேலே ரூம் எடுத்து நாலைந்து பேராகத் தங்குவார்கள்.

"ஏலே, நீ வச்ச ஆணத்தப் பூன மோந்து பாத்துட்டுப் போயிருச்சாம்லா? உள்ளதா? புளிய எப்பல ஊத்துன? மீனு வெந்த பொறவா? ஒன்னய அன்னைக்கே மண்டையில ரெண்டு போட்டு ஊருக்கு அனுப்பிருக்கணும். வாய மூடு. இருபது வருசம் என் கைச் சோத்தத் தின்னுட்டு பேச்சப் பாரு!"

சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கையில் துணியோடு நான் அப்படியே நின்றேன். ஆணம் என்றால் குழம்பு. அவர் சமைப்பார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதும் தெரியாது. முகம் தெரியாத அந்த ஆம்பளைகள் மேல் எனக்குப் பொறாமை வந்தது. இந்த வயதில் எனக்கு வந்த பொறாமையைப் பாருங்கள்.

அந்த வாரமே மத்தியானச் சாப்பாட்டில் சொன்னார்.

"மண்ணடில கூட்டாளி கூப்பிடுதான். கடைல ஆளில்லையாம். போய் இருக்கலாம்னு பாக்கேன்."

"எத்தன நாளைக்கி?"

"பாப்போம்."

"இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கை மட்டும் சோற்றை அள்ளி வைத்தது. அவரும் வைத்ததை எல்லாம் சாப்பிட்டார்.

மூத்த மகளின் மகள் பாளையங்கோட்டையில் காலேஜில் படிக்கிறாள். என்னையும் உம்மா என்றுதான் கூப்பிடுவாள். லீவுக்கு வந்தவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்ன உம்மா, ரெண்டு பேரும் ஏர்போர்ட்ல உக்காந்திருக்க மாதிரி உக்காந்திருக்கிய?" என்றாள். கவுன்சிலிங் அம்மாவைப் பற்றிச் சொன்னதும் அவள்தான்.

"எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

அவரோ, "போவோம். புள்ள சொல்லுதால்லா" என்றார். அவர் எதற்கும் மறுக்கமாட்டார். விருந்து வீட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தால் மறுப்பார்களா?

ரயிலில் போனோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "இது எந்த ஊரு?" என்று கேட்டார். ஆற்றையும் வாழைத் தோட்டங்களையும் புதுசாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். சவூதியில் எந்த ரோடு எங்கே திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். நானும் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவள். பலகையில் எழுதியிருந்ததை நான் எழுத்துக் கூட்டி முடிக்கும் முன் ரயில் கிளம்பிவிடும்.

கவுன்சிலிங் அம்மா அவரிடம் கேட்டாள். "ஐயா, அம்மாட்ட ஒங்களுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா."

"அம்மா, ஒங்களுக்கு?"

"அவுகள்ட்ட என்ன குறை இருக்கு? ஒண்ணுமில்ல" என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "குறையே இல்லாதவுக எதுக்கு ரயிலேறி எங்கிட்ட வந்திருக்கிய?" என்றாள். பிறகு ஒரு வேலை கொடுத்தாள். அந்த வாரத்துக்குள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று கேட்க வேண்டும். ஆளுக்கு ஒன்றை மாட்டேன் என்று மறுக்கவும் வேண்டும். "கேட்டாத்தான் உரிமை இருக்குன்னு அர்த்தம். மறுத்தா வீடு ஒண்ணும் இடிஞ்சு விழுந்துராது. அத ரெண்டு பேரும் கண்ணால பாக்கணும்" என்றாள்.

கேட்பது சுலபம். கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னேன், வாங்கி வந்தார். மறுப்பதுதான் கஷ்டம். அவர் ஏதாவது கேட்டால்தானே மறுக்க? நாள் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வேலையை முடிக்காமல் போய் அவள் முன்னால் தலைகுனிந்து உட்கார இஷ்டமில்லை.

கடைசியில் ஒரு காலையில் அவர் கையில் பையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். பையில் சாளை மீன். அவரே போய் வாங்கியிருக்கிறார். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

"இன்னைக்கி ஆணம் நா வைக்கட்டுமா?"

எனக்கு உடனே அந்த வேலைதான் ஞாபகத்துக்கு வந்தது. அதோடு, மாப்பிள்ளையை அடுப்படியில் நிறுத்தினால் முடுக்கில் என்ன பேசுவார்கள் என்பதும் வந்தது.

"வேணாம். நீங்க போய் உக்காருங்க. நா பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டேன்! வீடும் இடியவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். பாஸாகிவிட்ட பிள்ளை மாதிரி இருந்தேன். அவர் பையை என்னிடம் நீட்டினார். "சரி" என்றார். கையைக் கழுவிக்கொண்டு நாற்காலிக்குப் போனார். சாயந்திரம் போய் மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்து வந்தார்.

மறுபடி பாளையங்கோட்டைக்குப் போனபோது, மறுத்த கதையை நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. அவரைப் பார்த்தாள். அப்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"ரூம்ல எனக்குன்னு ஒரு கத்தி இருந்துச்சும்மா. வேற எவனும் தொடமாட்டான். எங்கூடச் சண்ட போடுவானுவ, ரெண்டு நாள் பேசமாட்டானுவ. மூணாம் நாள் வந்து 'ஆணம் வையும்யா, நாக்கு செத்துப்போச்சு'ன்னு நிப்பானுவ. நானும் ஏசிக்கிட்டே வைப்பேன். அடுத்தவுக வீட்டு அடுப்படில அப்படிப் போய் நிக்க முடியுமா?"

அடுத்தவுக வீடு. நாற்பது வருடமாக நான் துவைத்துத் துவைத்து மாட்டிய திரையெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்.

"அம்மா" என்றாள் அவள். "அவுக போவணுமா, இருக்கணுமா? எம்மூஞ்சப் பாக்காதிய. அவுக மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். தாடி முழுக்க நரைத்திருந்தது. இருங்கள் என்று ஒரு சொல்தான். யாரிடமும் எதற்கும் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை.

"அவுக இஷ்டம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது ரயிலில் எந்த ஊரையும் அவர் கேட்கவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எங்களுக்கு ஐந்தாவதாக ஒரு மகன் இருந்தான். மூன்று வயதில் காய்ச்சலில் மௌத்தானான். அவருக்கு லீவு கிடைத்து வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. வாசலில் பெட்டியோடு நின்றார். நான், "வாங்க, பயணமெல்லாம் நல்லாருந்துச்சா?" என்று கேட்டேன். பூப்போட்ட தட்டில் சோறு வைத்தேன். அவர் தலைகுனிந்து சாப்பிட்டார். அவரும் அழவில்லை, நானும் அழவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளையின் பேரை இரண்டு பேரும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். எங்கே போயிருந்தியள், நான் தனியாக அவனை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தபோது எங்கே போயிருந்தியள் என்று கேட்டிருக்க வேண்டும். அவரும் என்னிடம் ஏதாவது கேட்டிருப்பார். பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று கத்தியிருப்பார். கத்தியிருக்கட்டும். இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம்.

இப்போது உலுக்குகிறேன். எங்கே போயிருந்தியள்? மறுபடியும் எங்கே போறிய?

அடுப்படிக்கு வாருங்கள். முடுக்கில் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆணம் நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றுதான் சொல்லுவேன். அதற்குக் கோபப்பட்டு நீங்கள் இரண்டு நாள் பேசாமல் இருங்கள். ஆனால் இந்த வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு பேசாமல் இருங்கள். மண்ணடிக்குப் போகக் கூடாது. நான் விடமாட்டேன். அன்றைக்கு அவுக இஷ்டம் என்றேன். இது என் இஷ்டம்.

பக்கத்து அறையில் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்கிறது. பேத்தி என் காலடியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இனி எழுத வராது.

"இந்தா புள்ள, அந்தப் போன வச்சிட்டு இத வாசி. நா என்ன எழுதிருக்கேன்னு எனக்கே தெரியல. மொதல்லருந்து வாசி, பைய வாசி, ஆனா சத்தமா வாசி. அந்தக் கதவச் சாத்தாத."