கடைசிப் படியில் இருந்த உயிர்

மீன் கழுவிய தண்ணீரைப் போல ஒரு கவிச்சி வாடை அம்மாவின் கைகளில் அடித்தது. இத்தனைக்கும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த ஆடி மாதம் அது, வீட்டில் ஒரு முட்டைகூடக் கிடையாது. காப்பு அவிழ்க்கும்வரை எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. என் தலையில் எடுத்த பேனைக்கூட நசுக்காமல் வாசலில் விட்ட ஆள் என் அம்மா.

மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு நிலத்துக்காரர் வீட்டுக் கிணற்றில் தண்ணீரை இறைத்துவிட்டு, படிகளில் அப்பியிருந்த ‘பச்சைப் பாசி’யைச் சுரண்டும் கூலி வேலை அவளுக்கு. கல் சில்லோடு பெயர்ந்த ஒரு துண்டைச் சொம்புத் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எனக்கு வேடிக்கை காட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் அப்போதுதான் கடற்பஞ்சு வகையான ‘துளையுடலிகள்’ பாடம் முடிந்திருந்தது; அவற்றில் சில கிணறு, குளங்களிலும் பச்சையாக வளருமாம். ஓரிடத்தில் வேரூன்றியதுபோல் கிடப்பதால் அவற்றை முதலில் செடி என்றார்களாம், பிறகு செடிக்கும் விலங்குக்கும் நடுவில் வைத்தார்களாம், தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடுவதைக் கண்ட பிறகுதான் விலங்குகளோடு சேர்த்தார்களாம். சந்தேகத்தோடு, அம்மா கொண்டுவந்த துண்டின் அருகே பேனா மையில் ஒரு சொட்டு விட்டேன். நீலம் மெல்ல அதன் உடம்புக்குள் போயிற்று; சற்று நேரத்தில் உச்சியிலிருந்த சின்னத் துளை வழியாக நூல்போல் வெளியே வந்தது. கண்ணில்லை, வாயில்லை, கையகலப் பச்சை, அது என் முன்னால் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

“இன்னாடி, அப்பிடிப் பாத்துக்கினு இருக்க?” என்றாள் அம்மா.

காப்புக் கட்டிய கையால் நாளெல்லாம் உயிர்களைச் சுரண்டியிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? “பாசிதாம்மா” என்றேன். மறுநாளும் வேலைக்குப் போனாள். கடைசிப் படியை அப்படியே விட்டுவிட்டாள் என்று நிலத்துக்காரர் ஏசியதாகவும், இடுப்பு வலி என்று இவள் சொல்லிவிட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். பாசி என்று நான் சொன்ன பொய் வெகுகாலம் என்னை உறுத்தியது.

போன மாதம் ஊருக்குப் போனபோது மனம் பொறுக்காமல் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“கவிச்சி அடிச்சப்பவே சந்தேகம் எனக்கு. செடி எங்கனா அப்பிடி நாறுமா? கேக்கத்தான் உங்கிட்டக் கொண்டாந்தேன். நீ மூஞ்சி வெளுத்துப்போயி பாசின்ன. அதான் கடைசிப் படியத் தொடல.”

கிணறு இப்போது இல்லை. போர் போட்ட பிறகு மண்ணடித்து மூடிவிட்டார்கள், அந்தப் படியோடு சேர்த்து.