விடுப்பு மனுவின் முதல் சொல்

மகன் பிறந்து மூன்று மாதமாகியும் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி மதுரையில் தாய்வீட்டில் இருந்தாள். நான் டில்லியில் ஒரு சர்க்கார் ஆபீசில் பியூன். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் வாங்கியாயிற்று. லீவு மட்டும்தான் கிடைக்க வேண்டும்.

எங்கள் ஆபீசில் லீவு மனு என்றால் "ஐ பெக் டு ஸ்டேட்" என்றுதான் தொடங்கும். கெஞ்சிச் சொல்கிறேன் என்று அர்த்தமாம். கெஞ்சுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே 'நான்' என்று முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. நாலு பேர் எதிரில் பெயர் சொல்லவே கூசுகிற ஆள் நான். படித்ததும் ஐந்தாம் வகுப்போடு சரி.

சுவர்களில் வேறு மாதிரி இங்கிலீஷ் இருந்தது. 'ஸ்பிட்டிங் ஆன் தி வால்ஸ் இஸ் ப்ரொஹிபிடட்.' அதில் துப்புகிறவனும் இல்லை, தடுக்கிறவனும் இல்லை. ஆளே இல்லாத அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் டைப்பிஸ்ட் பெண்ணிடம் விசாரித்தேன். டில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"அது ஜெரண்ட் ஃப்ரேஸ் அண்ணா. துப்பறது, போறது, வர்றதுன்னு சொல்றோமில்ல, அதேதான். கூட வர்ற வார்த்தையெல்லாம் சேர்த்து ஒரே கட்டா கட்டிடணும்."

"கட்டை எங்க வேணா வைக்கலாமாம்மா?"

"முன்னாடி வெச்சா சப்ஜெக்ட். பின்னாடி வெச்சா ஆப்ஜெக்ட். ஃபார், ஆஃப் பக்கத்துலயும் உக்காரும். அச்சா, நீங்க ஒண்ணு சொல்லுங்க."

நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டேன். ஆனால் கிட்வாய் நகர் போகும் பஸ்ஸில் மனசுக்குள் கட்டிக்கொண்டே போனேன். 'ஸ்டாண்டிங் இன் தி மில்க் பூத் கியூ இஸ் மை ஹாபி.' இரண்டு நாள் கழித்து மனுவையே எழுதிவிட்டேன்: 'கோயிங் டு மதுரை பை ஃப்ரைடே ட்ரெயின் ஃபார் பிரிங்கிங் மை ஒய்ஃப் அண்ட் பேபி இஸ் வெரி நெசசரி.' ஒரு கட்டுக்குள் இன்னொரு கட்டு. டைப்பிஸ்ட் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அடித்துத் தந்தாள்.

மனு கோப்பில் ஏறியது. கோப்பைத் தூக்குவது என் வேலை. ஆகவே என் மனுவை நானே ஹெட்கிளார்க்கிடம் கொண்டுபோனேன். அவர் தஞ்சாவூர்க்காரர். 'ஃபார் பிரிங்கிங்' என்பதை நீல மையால் அடித்து 'டு பிரிங்' என்று போட்டார். நானே அதை அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் திருநெல்வேலி. பச்சை மையால் பழையபடி திருத்தி, ஓரத்தில் 'பிளீஸ் டிஸ்கஸ்' என்று எழுதினார். இப்படி மூன்று நாள் மேலும் கீழும் சுமந்தேன். மனுவின் அடியில் என் பெயர் இருந்தது. ஆனால் ஆபீசில் என் பெயர் யாருக்குத் தெரியும்? இந்திக்காரர்களுக்கு நான் மத்ராஸி, இவர்களுக்கு 'இந்தாப்பா'.

வியாழக்கிழமை மத்தியானம் இருவரும் டிஸ்கஸ் செய்தார்கள். நான் டீ கொண்டுபோனேன்.

"ஓய், அவன் வச்சிருக்கது ரெண்டு ஜெரண்ட் ஃப்ரேஸ். ஜம்முனு நிக்கி. அதுல கைய வைக்காதேயும்," என்றார் அதிகாரி.

"ஃபார் பிரிங்கிங்னு எந்த ஆபீஸ்ல சார் எழுதறா? மேல போனா சிரிப்பா."

"அப்பம் முழுசா மாத்தி எழுதும். அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் என்றதும் தட்டோடு ஓரடி முன்னால் போனேன். "சார்," என்றேன். "ரயில் நாளைக்கு."

"எந்த ரயில்?"

"அந்த லெட்டர்ல இருக்கற ரயில் சார்."

இருவரும் கடிதத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"யாரு, நீயா எழுதுன?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார். நான்தான் போகணும். புள்ளைய நான் இன்னும் பாக்கல." ஒரே மூச்சில் இத்தனை 'நான்' அதற்குமுன் நான் சொன்னதில்லை.

ஹெட்கிளார்க் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி. எத்தனை நாள் லீவுன்னு எங்கேயும் போடலையேப்பா."

மூன்று நாளாக நாங்கள் மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை. பத்து நாள் கேட்பதாக இருந்தேன்.

"பதினஞ்சு சார்."

அதிகாரி பச்சை மையில் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோப்பை நாடாவால் கட்டி, எடுத்துப்போகப் பியூன் வரவேண்டும் என்று மணியை அழுத்தினார். நான் எதிரில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.