தொண்ணூற்றாறு கிலோ கதவு

உங்கள் வீட்டுக் கார் ஷெட் கதவு எத்தனை கிலோ என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் எடை தெரியும். கேஸ் சிலிண்டரின் எடைகூடத் தெரிந்திருக்கலாம். பொத்தானை அழுத்தினால் மேலே போகிற கதவின் எடையை யாரும் யோசிப்பதில்லை. ஒரு வீட்டில் அதைத் தெரிந்துகொள்ள எட்டு மாதமும் ஒரு மனிதரின் மூன்று விரல்களும் தேவைப்பட்டன.

அவர் அந்த வீட்டின் கார் ஓட்டுநர். பக்கத்து வீட்டு ஓட்டுநர்கள் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பின்னால் வருகிறவன் ஹாரனில் கை வைத்துப் படுத்துக்கிடந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஓட்டிய எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. பின்னால் எடுப்பதற்கு முன் கண்ணாடியை நம்பாமல் இறங்கிப் போய், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்.

“வண்டிய விலைக்கு வாங்கப்போறவன் மாதிரி சுத்திப் பாக்குறான் பாரு” என்பார்கள்.

“வாங்கவும் வக்கில்ல, இடிச்சா குடுக்கவும் வக்கில்ல. அதான் பாக்குறேன்” என்பார்.

ஒரு நாள் காலை ஷெட்டுக்குள் பெரிய சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் எதுவும் விழவில்லை. கதவுக்கு மேலே, இரும்புத் தண்டில் பக்கத்துப் பக்கத்தில் கோர்த்திருந்த இரண்டு பெரிய ஸ்பிரிங்குகளில் ஒன்று நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. பொத்தானை அழுத்தினார்கள். மோட்டார் முனகிவிட்டு நின்றுபோனது.

கதவு மெக்கானிக் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. தோளில் பை, கையில் இரண்டு இரும்புக் கம்பிகள். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“சார், கதவோட பாரத்தைத் தாங்குறது இந்த ரெண்டு ஸ்பிரிங்தான், மோட்டார் இல்ல. ரெண்டும் ஒரே நாள் மாட்டினது, ஒரே அளவு உழைச்சது. ஒண்ணு போயிடுச்சுன்னா அடுத்ததுக்கும் ஆயுசு அவ்வளவுதான். ரெண்டையும் சேர்த்து மாத்திடலாம்.”

வீட்டு முதலாளி தலையை ஆட்டினார். “வேண்டாம்மா. வீட்டு முன்பக்கத்தையே இடிச்சுக் கட்டப்போறோம். கதவே புதுசா வருது. ரெண்டு வாரம்தான்.”

“அதுவரைக்கும் இதைத் தொறக்காதீங்க.”

“அப்ப வண்டி?”

இந்த இடத்தில்தான் நிதானம் வாயைத் திறந்தார். எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்றுதான்.

“ரெண்டு வாரம்தானே? அந்த இன்னொரு ஸ்பிரிங் நான்தான்னு வெச்சுக்குங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி கொஞ்சம் அதிகமாகச் சிரித்து, அவர் தோளில் தட்டினார். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணே, ஸ்பிரிங்குக்கு எலும்பு கிடையாது. உங்களுக்கு இருக்கு.”

மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஓர் அட்டையில் ‘திறக்காதீர்கள்’ என்று பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்து விருந்தாளிகள் வந்தார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று முதலாளியின் மனைவி அட்டையைப் பிய்த்து ஓட்டுநரிடம் கொடுத்தார். அவர் அதை எஞ்சினுக்கு அடியில், ஆயில் சொட்டுகிற இடத்தில் போட்டுவைத்தார்.

இரண்டு வாரம் எட்டு மாதமானது. மாடி முகப்பு வளைவாக வரட்டுமா நேராக வரட்டுமா என்று வீட்டில் முடிவாகவில்லை. வரைபடம் மூன்று முறை மாறியது. ஓட்டுநரின் வேலை மாறவில்லை. காலையில் வண்டியை எடுக்க ஒரு முறை, முதலாளியை விட்டுவிட்டு வந்து உள்ளே விட ஒரு முறை, மாலையில் மறுபடி இரண்டு முறை. ஒரு நாளைக்கு நான்கு தடவை குனிந்து, கதவின் அடி விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்குவார். விடுமுறைகளைக் கழித்தாலும் எண்ணூறு தடவைக்கு மேல் வருகிறது.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவர். ஒரு உடம்பு துணிக்குள் எப்படி நுழைகிறது என்பது அவருக்குத் தெரியும்.

“என்னங்க, சட்டை போட இந்த நெளி நெளியுறீங்க?”

“ஸ்பிரிங் உத்தியோகம் பாக்குறேன்ல? லேசா துரு ஏறியிருக்கு.”

“சிரிக்காதீங்க. தோள் வீங்கியிருக்கு. முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க.”

அவர் சொல்லத்தான் செய்தார், தன் பாணியில். “சார், வண்டிய கொஞ்ச நாள் வெளியவே நிறுத்திக்கலாமா?”

“வெயில்ல பெயிண்ட் வெளுத்துடும்ப்பா. அதான் நீ இருக்கியே” என்றார் முதலாளி.

இந்தப் பதிலை மறுபடி ஒரு முறை படியுங்கள். கெட்ட மனிதர் சொன்ன பதில் இல்லை இது. அவர் யாரையும் திட்டியதுகூடக் கிடையாது. காரின் பெயிண்டையும் ஓர் ஆளின் தோளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

எட்டாவது மாதத்தில் ஒரு காலை. வண்டியை எடுக்க ஷெட்டுக்கு உள்ளே நின்று ஓட்டுநர் தூக்கிய கதவு அவர் முழங்கால் உயரம்வரை வந்திருந்தபோது இரண்டாவது ஸ்பிரிங் உடைந்தது. முழுப் பாரமும் ஒரே நொடியில் இறங்கியது. வலது கையை இழுத்துக்கொண்டார். இடது கை கதவுக்கும் தரைக்கும் நடுவில் போய்விட்டது.

முதலாளியும் மனைவியும் வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்குள் திறக்கும் சின்ன வாசல் வழியாக ஓடிவந்தார்கள். இருவரும் சேர்ந்து கதவைப் பிடித்துத் தூக்கினார்கள். அசையவில்லை. அதை முதல் தடவையாக அன்றுதான் தொட்டார்கள்.

“சார்… டிக்கியில நீளக் கம்பி இருக்கு” என்றார் ஓட்டுநர்.

முதலாளி காரைச் சுற்றி ஓடினார். “டிக்கி எப்படிப்பா தொறக்குறது?”

“உள்ள… டிரைவர் சீட்டுக்குக் கீழ, வலது பக்கம் ஒரு பிடி. இழுங்க.”

“இதுவா?”

“அது பெட்ரோல் மூடி. அதுக்குப் பக்கத்துல. பதறாதீங்க சார். நிதானமா.”

கை நசுங்கிக்கொண்டிருந்தவர் சொன்னது இது. கம்பியை எங்கே கொடுப்பது, அடியில் எதை வைத்து நெம்புவது என்று ஒவ்வொன்றாக அவரே சொல்லி, அவர்கள் செய்து முடித்துக் கையை வெளியே எடுத்த பிறகுதான் மயங்கினார்.

மூன்று விரல்களை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். அங்கே சேர்க்கும்போது எழுதிய தாளில், காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில், முதலாளி சொன்னபடி ஒரு வரி இருந்தது: ‘கதவைத் தானே பழுது பார்க்க முயன்றபோது.’

ஓட்டுநரின் மனைவி அதைப் படித்துவிட்டு முதலாளியிடம் கேட்டார். “இது பொய்தானே சார்?”

“அவரேதாம்மா சொன்னாரு, ஸ்பிரிங் நான்தான்னு. நாங்க கட்டாயப்படுத்தலையே. எல்லாம் நேரம். என்ன பண்றது?”

நேரமாம்! இரும்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இத்தனை ஆயிரம் தடவை முறுக்கினால் உடையும் என்பது செய்தவனுக்குத் தெரியும், மாட்டுகிறவருக்குத் தெரியும். அதை வீடு தேடி வந்து வாயால் சொல்லி, அட்டையிலும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததற்கு நேரம் என்று பெயர் வைப்பவர்கள், தங்கள் பெயரை அந்த இடத்தில் எழுதாமல் தப்பிக்கப் பார்க்கிறார்கள்.

மறுநாள் காலையே மெக்கானிக்கை வரவழைத்தார்கள். எட்டு மாதமாகக் கிடைக்காத அவசரம் இப்போது கிடைத்துவிட்டது. ஓட்டுநரின் செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப்போக அவர் மனைவியும் அதே நேரத்தில் வந்து ஷெட்டில் நின்றார்.

“உடம்பு எடை பாக்குற மெஷின் இருந்தா குடுங்க மேடம்” என்றார் மெக்கானிக்.

முதலாளியின் மனைவி குளியலறையிலிருந்து தன் ரோஸ் நிற எடை மெஷினைக் கொண்டுவந்தார். மெக்கானிக் கதவைக் கம்பியால் நெம்பி, நடுவில் மெஷினை நுழைத்து, கதவை அதன்மேல் இறக்கினார். முள் நடுங்கி நின்றது.

“தொண்ணூத்தாறு.”

ஓட்டுநரின் மனைவி குனிந்து முள்ளைப் பார்த்தார். “இதையா எங்க வீட்டுக்காரரு தூக்கினாரு?”

“பாதிய அந்த ஸ்பிரிங் தூக்கிச்சு. மீதிய அண்ணன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைக்கா?”

“நாலு.”

மெக்கானிக் ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எடை, உடைந்த இரண்டு ஸ்பிரிங்குகள், தான் முதலில் வந்த தேதி, திறக்கக் கூடாது என்று சொன்னது.

“எதுக்கும்மா இதெல்லாம்? ஸ்பிரிங்க மாட்டிட்டுப் போங்க” என்றார் முதலாளி.

“மாட்டத்தான் சார் எழுதுறேன். எடை தெரியாம எந்த ஸ்பிரிங் போடுறது?” என்று சொல்லிவிட்டு, ஒரு பிரதியைக் கிழித்து ஓட்டுநரின் மனைவி கையில் கொடுத்தார். காருக்கு அடியில் ஆயிலில் ஊறிக் கிடந்த அட்டையையும் இழுத்து எடுத்துக் கொடுத்தார். எழுத்துகள் இன்னும் தெரிந்தன.

வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

மருத்துவமனை எழுத்தர், எழுதியதை மாற்ற முடியாது என்று சொல்லி அந்த ரசீதை வாங்கித் தாளின் பின்பக்கம் பின் அடித்தார். ஆகவே முன்பக்கத்தில் பொய்யும் பின்பக்கத்தில் உண்மையும் இன்றுவரை ஒன்றாக இருக்கின்றன. புரட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில், இடது கையை நீட்டச் சொன்னார்கள். பார்த்துவிட்டு, புதுப்பிக்காமல் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர் மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையால் பொத்தான்களைப் பிரித்துப் போடுகிறார். அந்த வீட்டின் முன்பக்கம் இன்னும் இடிக்கப்படவில்லை. கதவைப் புது ஓட்டுநர் ஒரு விரலால் தூக்குகிறாராம்.

இதைப் படித்து உச்சுக் கொட்டுவதால் யாருக்கும் பயனில்லை. எழுந்து உங்கள் ஷெட்டுக்குப் போங்கள். கதவுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கைத் தொடாமல் நிமிர்ந்து பாருங்கள். சுருளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தால் அது உடைந்துவிட்டது. நீங்களும் தூக்க வேண்டாம், உங்களிடம் வேலை செய்கிறவரும் தூக்க வேண்டாம். கார் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் கிடக்கட்டும், நீங்கள் பஸ்ஸில் போங்கள். யாராவது சிரித்துக்கொண்டே “நான் பாத்துக்குறேன்” என்று குனிந்தால், அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பிறகு, வேலை தெரிந்த ஆளுக்குப் போன் போட்டு, இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். இன்றைக்கே.