தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் மகளை அழவைப்பது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்தது. இதை நயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எனக்கும் கணவருக்கும் செம்பனைக் காட்டு வேலை. மகளுக்கு ஐந்து வயது. யாராவது குரலை உயர்த்தினாலே கண் கலங்கிவிடும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் நாய்க்குக் கல்லடி பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. கணவரின் தம்பி வாரந்தோறும் வருவார். தேத்தண்ணி குடித்ததும் ஆரம்பித்துவிடுவார்.

“உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம். பழம் ஏத்துற லோரிக்காரர் கொடுத்தாரு. இப்ப திருப்பிக் கேக்குறாருலா.”

பிள்ளையின் உதடு பிதுங்கும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்று அதட்டியும் இருக்கிறேன்.

ஒரு ஞாயிறு அவள் அழவில்லை. “பாப்பாவுக்குத் தைரியம் வந்திருச்சு” என்றார் கொழுந்தனார்.

மறுநாள் மத்தியானம் குழாயடியில் துணி அலசிவிட்டு வந்தால் பிள்ளையைக் காணோம். லயம் முழுக்கத் தேடினேன். கடைசியில், லோரி ஏற்றுவதற்காகப் பழக்குலைகளைக் குவித்திருக்கும் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு கவுன்.

“இங்க என்னம்மா பண்ற?”

“லோரிக்காரர் நம்ம வீட்டுக்கு வந்து கூப்பிட்டா எல்லாரும் சிரிப்பாங்க. அதான் நானே வந்துட்டேன்.”

அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். அழுகை நின்ற இடத்தில் ஆத்திரம் வந்தது.

அடுத்த ஞாயிறு கொழுந்தனார் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே நிறுத்தினேன். “அவ முன்னால உக்காந்து, நான் சொன்னது பொய்னு சொல்லுங்க, தம்பி.”

“விளையாட்டுக்குத்தானே அண்ணி! இப்படிப் பொத்திப் பொத்தி வளத்தா நாளைக்கு எப்படிப் பொழைக்கும்?”

“அத நான் பாத்துக்கிறேன். நீங்க சிரிக்காம சொல்லுங்க.”

அவர் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்காமலே திரும்பிப் போனார். “கூடப் பொறந்தவன வாசல்ல நிறுத்திட்டியே” என்று கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

தலை வாரும்போதெல்லாம் மகள் கேட்பாள்: “நான் உன் வயித்துலதான் இருந்தேனா?” ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டாலும், கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். அவள் பிறந்தன்று பெய்த மழையைச் சொன்னேன். பிறப்புப் பத்திரத்தை எடுத்து, என் பெயர் இருக்கும் இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினேன்.

தீபாவளிக்குக் கொழுந்தனார் வந்தார். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “சித்தப்பா சொன்னது பொய்ம்மா” என்றார். சிரிக்கவில்லை.

“அப்ப எதுக்குச் சொன்னீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியது அவர். கூடச் சிரித்த நானும்தான்.