இழுவையக்கா மைக்கைப் பிடித்த கதை

அந்தப் பேருந்து நிலையத்தில் இழுவையக்கா என்று கேட்டால்தான் அவளைத் தெரியும். வாயைத் திறந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வால் நீளும். அவள் பிறந்த மலைப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம், காய்கறிக் கடையில் "வெங்காயம் கிலோ எவ்வளவூஊ?" என்று கேட்டுவிட்டாள். கடைக்காரரும் நாலு பெண்களும் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவம், அதற்கப்புறம் இரண்டு வருஷம் விரலால் சுட்டிக்காட்டியே காய் வாங்கினாள்.

அப்படிப்பட்டவளுக்கு மைக் கிடைத்தது பெரிய கூத்து. நேரக்காப்பாளர் அறையில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தவள். அறிவிப்பாளர் காய்ச்சலில் படுத்த அன்று, வேறு ஆள் இல்லாமல் இவளை மாடி அறையில் உட்கார வைத்தார்கள். நிலையமெங்கும் சிரிப்பு. ஆனால் ஒரு வண்டிகூடக் காலியாகப் போகவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தவள் பத்தொன்பது வருஷம் எழுந்திருக்கவில்லை. வெறும் எண்ணையும் நேரத்தையும் ஒப்பிக்கிற ஜாதியா அவள்? சன்னல் வழியே பார்த்து, "ஓடாதீங்க பெரியவரே, டிரைவர் இன்னும் டீ குடிக்கிறாரூஊ" என்பாள். யாருக்கு வரும் அந்த மனசு!

போன மாதம் புது மேலாளர் வந்தார். முதல் நாளே, "இது அறிவிப்பா, தாலாட்டா? ஒரு மாசம் டைம். ஒழுங்கா பேசினா மைக், இல்லேன்னா சாமான் அறை" என்றார்.

அவளுக்கு அந்த மைக்தான் உயிர். ஊரே சிரித்த வாயை ஊரே காதுகொடுத்துக் கேட்க வைத்தது அதுதானே. வைராக்கியமாக உட்கார்ந்தாள். கல்லூரி போகும் மகள் செல்போனில் பதிவு செய்து போட்டுக் காட்ட, ஒவ்வொரு வாலாக வெட்டினாள். மூன்றே வாரம்.

"அம்மா, யாரோ பேசுற மாதிரி இருக்கும்மா" என்றாள் மகள். இவள் முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை.

திங்கட்கிழமை புதுக் குரலில் அறிவித்தாள். சுத்தம், தெளிவு, ஒரு சொல் பிசகவில்லை. ஒருத்தரும் அசையவில்லை! காரணம் இருக்கிறது. அதே ஒலிபெருக்கியில்தான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சோப்பு விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும் வழவழவென்று வரும். வழவழக் குரலென்றால் விளம்பரம், இழுவையென்றால் வண்டி என்று அந்த ஜனங்களின் காது என்றைக்கோ பழகிவிட்டது. வண்டிகள் பாதி காலியாகக் கிளம்பின. வண்டியைத் தவறவிட்ட கூட்டம் நேரக்காப்பாளரைப் பிடித்து உலுக்கியது.

சாயங்காலம் ஆறு பத்து வண்டியில்தான் மேலாளர் வீட்டுக்குப் போவது வழக்கம். கீழே பெஞ்சில் பத்திரிகையோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை அறிவித்தாள். அவர் பக்கத்தைப் புரட்டினார். வண்டி போய்விட்டது.

மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "ஏம்மா, ஆறு பத்தை ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவை சொன்னேன் சார்."

"நான் ஏதோ சோப்பு விளம்பரம்னு…" சொல்ல வந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வண்டி எப்போ?" என்றார்.

அவள் விரலை நீட்டிச் சுவரிலிருந்த நேரப் பலகையைக் காட்டினாள்.

அவர் பலகையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "வாயைத் திறந்து சொல்லுங்கம்மா. எப்பவும் சொல்ற மாதிரி."

"இழுக்கும் சார்."

"நல்லா இழுக்கட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைக் கிட்டே இழுத்தாள். "ஆறு நாப்பது வண்டி கெளம்பப் போகுதூஊ… நம்ம மேனேஜருக்கு சன்னலோரமா ஒரு சீட்டூஊ…"

கீழே நிலையம் முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.